வியாழக்கிழமைத் தண்ணீர்

மெல்லத்தான் விடவேண்டும். பைப்பைக் கொஞ்சம் கூடத் திறந்தாலும் தண்ணீர் வேருக்கு இறங்காது, மேலால் ஓடிப் புல்லுக்குள் போய்விடும். சுண்டுவிரல் பருமனில் ஒரு ஒழுக்கு, ஒரு மணித்தியாலம், கிழமைக்கு ஒருதரம். தவமலர் ரப்பர்க் குழாயின் முனையை அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, காய்ந்த சருகுக்குக் கீழே செருகினாள். பிறகு கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல் இருந்தாள். இருக்கும்போது இடுப்பில் வழக்கமான அந்த இடம் பிடித்தது; பிடிக்கட்டும் என்று விட்டாள். காலை ஏழு மணியிலிருந்து பின்னேரம் மூன்று மணிவரை முதியோர் இல்லத்தில் பதினொரு பேரை எழுப்பி, கழுவி, உடுப்புப் போட்டு, கதிரையில் இருத்தி, மத்தியானம் அதில் ஏழு பேரைத் திரும்பவும் படுக்கவைத்திருந்தாள். பன்னிரண்டாவது ஆள் இந்த மரம். இதற்கு வாய் இல்லை, அந்தளவில் நல்லது. கை தூக்கு, கை இறக்கு என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். தண்ணீரைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம் என்று போன வருடம் ஒருநாள் போனவள், சாய்மனைக் கதிரையிலேயே நித்திரையாகி, திரும்பி வர மூன்று மணித்தியாலமாகி, அடுத்த வீட்டுக்காரன் பைப்பைப் பூட்டிவிட்டு வேலிக்கு மேலால் ஒரு பார்வை பார்த்தான். ஒரு சொல்லும் இல்லை. இந்த நாட்டில் அப்படித்தான், ஏச்சும் பார்வையிலேயே. அன்றிலிருந்து அவள் எங்கும் போவதில்லை. வாளியில் இருந்து ஒழுக்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஐந்து கிழமையாக மழை இல்லை. வைகாசி முடியப்போகிறது, கிழக்குக் காற்று மட்டும் நிற்காமல் வீசுகிறது. டென்மார்க்கின் இந்த மேற்குப் பக்கம் முழுக்க மணல். ஊற்றுகிற தண்ணீர் அரிதட்டில் ஊற்றினமாதிரி எங்கேயோ போய்விடுகிறது. ஊரில் இரணைமடுக் குளத்து வாய்க்காலில் குளித்து வளர்ந்தவள் இங்கே வந்து ஒரு மரத்துக்குச் சொட்டு நீர் எண்ணுகிறாள். எண்ணவேண்டிய அவசியமும் இன்றைக்கு இல்லை. அதுதான் விசயம். நாளை மறுநாள் இந்த வீடு வேறு ஆக்களுடையது. குசினிக்குப் பின்னால் பலகைத் தளம் அடித்து, மேசை கதிரை போட்டு வெயில் காய அவர்களுக்கு விருப்பமாம். மரம் நிற்கிற இடம் சரியாக அந்தத் தளத்தின் நடு. வீட்டை விற்ற ஹென்றிக், வீட்டுக்காரரின் மகன், திங்கட்கிழமை கோப்பன்ஹேகனிலிருந்து போன் எடுத்துச் சொன்னான். "இனி நீ தண்ணி விடத் தேவையில்லை, மலா," என்றான். டெனிஷ்காரருக்குத் தவமலர் நாக்கில் நிற்காது; முப்பத்தைந்து வருடமாக அவள் மலா. அன்றைக்கு அவளுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஒளிப்பானேன். போனை வைத்துவிட்டு, இனி வியாழக்கிழமை நேரே வீட்டுக்குப் போகலாம், காலை நீட்டலாம் என்று நினைத்தாள். பிறகு ஏன் இதில் வந்து இருக்கிறாள்?

ஏனென்றால் காலையில் அவர் கேட்டார். கிறெஸ்டன், எண்பத்துநான்கு வயது, இந்த வீட்டின் சொந்தக்காரர். இடுப்பெலும்பு உடைந்து, பதினொரு மாதத்துக்கு முதல் அவள் வேலை செய்கிற இல்லத்துக்கே வந்து சேர்ந்தவர். வீட்டுக் காரியங்களுக்குக் கையெழுத்து உரிமையை மகனுக்கு எழுதிக் கொடுத்தார், மரம் இவள் பொறுப்பாயிற்று. வலது காலுறையை இழுத்துக்கொண்டு அவள் குனிந்திருந்தபோது தலைக்கு மேலிருந்து குரல் வந்தது. "இண்டைக்கு வியாழன். விடுவாய்தானே?" விடுவன் என்றாள். வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. வீடு விற்றதைச் சொல்லாதே என்று மகன் சொன்னான். சொல்லவில்லை, சொல்லாமல் இருக்க அவளால் முடிகிறது. பதினொரு பேரின் எத்தனையோ சங்கதி அவள் வயிற்றுக்குள் கிடக்கிறது. ஆனால் விடாத தண்ணீரை விட்டேன் என்று நாளைக்கு அந்த மனிசனின் முகத்துக்கு நேரே சொல்ல அவளால் முடியாது. ஏன் முடியாது, இரண்டும் ஒரே பொய்தானே, ஒன்று மூடின பொய், மற்றது திறந்த பொய், என்று சைக்கிள் உழக்கி வரும் வழியெல்லாம் யோசித்தாள். பிடிபடவில்லை. பொய் என்றால், இந்த மரத்துக்கே பெயர் அதுதான். இங்கிலீசுப் புத்தகங்களில் பீச் என்று போட்டிருக்கும், பழம் காய்க்கிற பீச் இல்லை, காட்டு மரம். டெனிஷ்காரர் வாயால் சொல்லும்போது அது 'பொய்' என்றுதான் கேட்கும். வந்த புதிதில் கிறெஸ்டனின் மனைவி இங்கா காட்டுக்குக் கூட்டிப்போய், வானத்தை மூடி நின்ற பெரிய மரங்களைக் காட்டி, "பொய், பொய்" என்று சொல்லித் தந்தபோது, இவளும் கணவன் ஆனந்தராசாவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஆனந்தராசா அதை இன்றைக்கும் விடுகிறாரில்லை. "என்ன, பொய்யுக்குத் தண்ணி ஊத்தியாச்சோ?" என்று ஒவ்வொரு வியாழனும் கேட்பார். அவருக்கு அது பகிடி. பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் குளிருக்குள் நின்று இரண்டு முழங்காலும் போய், இப்போது வீட்டில் இருக்கிறவருக்குப் பகிடி ஒன்றுதான் மிச்சம், அதையும் தடுக்கக்கூடாது. ஆனால் அவருக்கும் கால் தைலம், அவருக்கும் குளிசை, அவருக்கும் பத்தியச் சோறு. பதின்மூன்றாவது ஆள்.

ஒழுக்கு சருகுக்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. மண்ணில் ஒரு கறுப்பு வட்டம் மெல்ல விரிந்தது. பீச்சின் வேர் ஆழத்துக்குப் போகாது, மேலாகவே படரும் என்று கிறெஸ்டன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அதனால் அடியைக் கிண்டக்கூடாது, மிதிக்கக்கூடாது, புல்லு வெட்டுகிற மெசின் தட்டக்கூடாது. தோல் மெல்லிசு, ஒரு காயம் பட்டால் ஆயுளுக்கும் தெரியும். பனிக்காலத்தில் முயல் வந்து பட்டையைக் கறண்டும், கம்பிவலை சுற்று. வெயில் நேரே அடிமரத்தில் அடித்தால் பட்டை வெந்து வெடிக்கும், சாக்குக் கட்டு. என்ன மரம் இது. வேம்புக்கு ஆர் சாக்குக் கட்டினது? அவளுடைய ஊரில் மரங்கள் தாமாக வளர்ந்தன, ஆட்கள் தாமாகச் செத்தார்கள். இல்லை, அது சரியில்லை, அம்மா தானாகச் சாகவில்லை, எட்டு மாதம் படுக்கையில் கிடந்தா. இவள் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முதுகில் புண் வந்தபோது, எந்தப் பக்கம் எத்தனை மணிக்கொருக்கால் திருப்பவேண்டும், தலையணையை எங்கே வைக்கவேண்டும் என்று இங்கிருந்து பாடம் எடுத்தாள். தொட்டுத் திருப்பியது ஊரில் சம்பளத்துக்கு வந்த ஒரு பிள்ளை. அதே நேரம் இவள் இங்கே சம்பளத்துக்கு ஆரோ ஒருத்தருடைய அம்மாவைத் திருப்பினாள். உலகம் முழுக்க ஆக்கள் மாறி மாறி மற்றவனின் தாயைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். சரி, அதை விடு. என்ன யோசித்துக்கொண்டிருந்தேன். மரம் வைத்த முதல் வருடங்களில், இங்கே வந்துபோகும்போது, இது பட்டுப்போய்விட்டது என்றே அவள் நினைத்தாள். இலையுதிர்காலத்தில் மற்ற மரங்கள் எல்லாம் உதிர்த்துவிட்டு வெறுமையாக நிற்க, இது மட்டும் காய்ந்த இலைகளைப் பிடித்துக்கொண்டு நின்றது. மார்கழி, தை, மாசி, பழுப்பு இலைகள் காற்றில் சரசரவென்று, கடதாசிப் பையைக் கசக்குகிற சத்தம். இளம் பீச் அப்படித்தானாம். புதுசு வந்து தள்ளும்வரை பழசை விடாது. போன மாதம் புதுசு வந்தது. முதல்நாள் தொங்கிக்கொண்டிருந்த துளிர்கள், நனைந்த துணிமாதிரி, விளிம்பெல்லாம் பூனை மயிர். தொட்டால் ஒன்றுமே தொடாதமாதிரி. அன்றைக்கு அவள் கொஞ்ச நேரம் நின்றாள், அதை மறுக்க ஏலாது.

இன்றைக்கு இலையின் கீழ்ப்பக்கத்தில் வெள்ளைப் பஞ்சு. போன வியாழனே கண்டாள். சின்னச் சின்னதாய், பஞ்சை உடுத்திக்கொண்டு ஊர்கிற பூச்சிகள். அதைத்தான் காலையில் கிறெஸ்டனுக்குச் சொல்ல வெளிக்கிட்டு, சொல் வரவில்லை. டெனிஷில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது. அவளுக்குத் தெரிந்த சொல். எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். வாயைத் திறந்தாள், இடம் வெறுமையாக இருந்தது, பல்லுக் கழட்டின இடம்மாதிரி. "சின்ன மிருகங்கள். பஞ்சு போட்ட மிருகங்கள்," என்றாள். கிறெஸ்டன் சிரித்தார். அவளும் சிரித்தாள். இன்னும் வரவில்லை அந்தச் சொல். தேடக்கூடாது, தேடினால் ஒளிக்கும். போன கிழமை வேலைத்தலத்தில் தலையணை உறைக்குச் சொல் வரவில்லை. அதற்கு முதல் கரண்டிக்கு. கரண்டி! பிள்ளை முதல் படிக்கிற சொல். களைப்பு என்று சொல்லிக்கொண்டாள். களைப்பாகத்தான் இருக்கும். இருக்கட்டும் கடவுளே, வெறும் களைப்பாகவே இருக்கட்டும். ஏனென்றால் இல்லத்தில் இருந்த இலோனாவை அவள் கண்டவள். ஹங்கேரியிலிருந்து பதினெட்டு வயதில் அகதியாக ஓடிவந்து, இங்கே கட்டி, பெற்று, பள்ளிக்கூடத்தில் படிப்பித்த மனிசி. ஞாபகம் கழன்றபோது பிந்தி வந்த மொழி முந்திப் போனது. கடைசி வருடம் டெனிஷ் ஒரு சொல் இல்லை. நாள் முழுக்க "வீஸ், வீஸ்" என்று ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தா. டெனிஷில் 'விஸ்' என்றால் 'அப்படியெண்டால்' என்ற மாதிரி. எல்லோரும் அவவின் கையைப் பிடித்து, "எப்படியெண்டால், இலோனா, எப்படியெண்டால்?" என்று அன்பாகக் கேட்டார்கள். மகள் வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது, ஹங்கேரிய மொழியில் அது தண்ணி. மனிசி ஒன்றரை மாதமாகத் தண்ணி கேட்டிருக்கிறா. தவமலர் அன்றைக்கு உடுப்பு மாற்றுகிற அறையில் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றாள். நான் தண்ணி, தண்ணி என்று கத்துவேன். இவர்கள் 'டானி' என்று கேட்பார்கள். ஆர் இந்த டானி, இவவுக்கு டானி என்று ஒரு மகன் இருக்கிறானோ, பழைய காதலனோ என்று கோப்பைப் புரட்டித் தேடுவார்கள். ஆரோ ஒரு நல்ல பிள்ளை வந்து கையைத் தடவி, டானி நாளைக்கு வருவார் என்று சொல்லும். சிரிப்பு வருகிறது, இல்லையா. சிரி. ஒரே மகன் கனடாவில், ஆனந்தராசாவுக்குத் தன்னைத் தூக்கவே ஆள் வேணும். அந்தக் கட்டிலில் அவள் கிடக்கும்போது பைப்பை எத்தனை திருப்புத் திறக்கவேண்டும் என்று ஆருக்குத் தெரியும்?

எழும்பினாள். வாளியில் இருந்தால் யோசனை கூடுகிறது. மரத்தைச் சுற்றி வந்தாள். மரத்தைத் தாங்குகிற கம்பில் சேர்த்துக் கட்டியிருந்த பழைய சைக்கிள் ரியூப் பட்டி இறுகிப்போயிருந்தது. கிறெஸ்டன் கட்டினது, விழுவதற்கு முதல் வருடம். எட்டுப் போட்டமாதிரிக் கட்டியிருந்தார், ஒரு வளையம் கம்புக்கு, ஒரு வளையம் மரத்துக்கு, நடுவில் உரசாமல் இருக்க ஒரு முடிச்சு. மரம் வளர்ந்திருக்கிறது, பட்டி வளரவில்லை. ரப்பருக்குக் கீழே சாம்பல் பட்டையில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. எப்படிக் காணாமல் விட்டேன், ஒவ்வொரு கிழமையும் இதில்தானே குந்தியிருக்கிறேன். நகத்தால் நெம்பினாள், வரவில்லை. சாவிக்கொத்தில் தொங்கின சின்னக் கத்தியால் பட்டியை மரத்துக்கு எதிர்ப்பக்கமாக வைத்து அறுத்தாள். பட்டி விட்டதும் மரம் கம்பிலிருந்து அரை விரல் விலகி, அசைந்து, நின்றது. அவ்வளவுதான். இரண்டொரு நாளில் வெட்டப்போகிற மரத்துக்கு இன்றைக்குக் கட்டு அவிழ்த்திருக்கிறாள். படுக்கைப்புண் மாதிரி இருந்த அந்தப் பள்ளத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றாள். தடவத் தடவ அவளுக்குக் கோபம் வந்தது. மரத்தில் இல்லை. சனிக்கிழமைக்குப் பிறகு வருகிற வெள்ளிக்கிழமைகளில் கோபம். அடுத்த வெள்ளி காலை, மரம் எப்படி என்பார் கிறெஸ்டன், நல்லாயிருக்கு என்பாள். அதற்கடுத்த வெள்ளி, பஞ்சுப் பூச்சி போட்டுதா என்பார், போட்டுது என்பாள். இலையுதிர்காலம் வரும், இலையைப் பிடித்துக்கொண்டு நிற்குதா என்பார். இல்லாத மரத்துக்கு இலை வளர்க்கவேண்டும், பூச்சி வளர்க்கவேண்டும், முயல் வந்த கதை கட்டவேண்டும். இருக்கிற மரத்துக்குக் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் போதும். இல்லாத மரத்துக்கு நாள் முழுக்கத் தண்ணி ஊற்றவேணும். அது அவளால் ஏலாது. நல்லவள் கெட்டவள் என்ற கதையே இல்லை, ஏலாது, பெலன் இல்லை. போனை எடுத்தாள். இறக்கி, திரும்ப எடுத்து, ஹென்றிக்கின் பெயரை அமத்தினாள்.

"மலா? அப்பாவுக்கு என்ன?" என்றான் எடுத்தவுடன். ஐம்பத்தைந்து வயது ஆம்பிளை, குரலில் பத்து வயது. ஒன்றுமில்லை, நல்லாயிருக்கிறார் என்றாள். "நான் உங்கட வீட்டில நிக்கிறன். மரத்துக்குத் தண்ணி விடுறன்." "நான் வேண்டாமெண்டு சொன்னனான் எல்லோ?" "சொன்னனீ. அவர் விடச் சொன்னார்." "சரி. நல்லது. நன்றி." "ஹென்றிக், நான் சனிக்கிழமைக்குப் பிறகு பொய் சொல்ல மாட்டன்." டெனிஷில் சுற்றி வளைத்துச் சொல்ல அவளுக்கு எப்போதும் தெரியாது; நேராகச் சொல்லத்தான் சொற்கள் இருந்தன. "ஞாயிற்றுக்கிழமை நீ வந்து சொல்லு. இல்லாட்டி நான் சொல்லுவன்." அவன் மூச்சை இழுப்பது கேட்டது. "அவருக்கு இப்பதான் நிமோனியா மாறிச் சுகமானது. கோடை போகட்டும் எண்டுதானே கேட்டனான். அது அம்மாவின்ர மரம், மலா. அம்மா செத்த வருசம் வைச்சது. அதை வெட்டுறாங்கள் எண்டு நான் எப்படி அந்த மனிசனிட்டைச் சொல்லுறது?" "அப்ப நான் எப்படிச் சொல்லாமல் விடுறது? என்னைத்தானே கேக்கிறார், உன்னையில்லையே." பிறகு அவன் குரல் மாறியது. மெதுவாகத்தான் சொன்னான். "நீ அங்க வேலை செய்யிறவள். குடும்ப விசயத்தை நோயாளிக்குச் சொல்லுறதுக்கு விதியள் இருக்கு. எனக்கு மனேஜரோட கதைக்க விருப்பமில்லை." இலைப்பேன். பிளாலூஸ். காலையில் வராத அந்தச் சொல் அப்போது வந்தது, சம்பந்தமில்லாமல், அழையாத விருந்தாளியாக மண்டையின் நடுவில் வந்து நின்றது. இலையின் பேன், பிளாலூஸ், வேறென்ன. அதன் சந்தோசத்தில் அவன் சொன்னது அவளுக்கு ஒரு கணம் உறைக்கவே இல்லை. பிறகு உறைத்தது. பென்சனுக்கு இன்னும் மூன்று வருடம். முறைப்பாடு ஒன்று போனால், வயது போன வெளிநாட்டுக்காரி, கரண்டிக்குச் சொல் மறக்கிறவள். "கதை," என்றாள். "நீ கதைக்கிறதெண்டால் கதை, ஹென்றிக்." அவளுடைய குரல்தானா என்று அவளுக்கே ஐமிச்சமாக இருந்தது. பிறகு அவன் அழுகிறான் என்று விளங்கியது. ஆறுதல் சொல்ல வாய் தன்பாட்டில் திறந்தது, முப்பது வருடப் பழக்கம், பதினான்காவது ஆள். வாயை மூடிக்கொண்டாள். போனையும் மூடினாள்.

ஞாயிறு மட்டும் பொறுக்க ஏலாது, விடிந்தால் கேட்பார். நாளைக்குச் சொல்லலாம், காலை ஏழு மணிக்கு, காலுறை போடும்போது. இல்லை, காலுறை போடும்போது குனிந்திருப்பேன், முகம் பார்க்காமல் சொன்னால் அது சொன்னதாகாது. முகம் கழுவும்போது சொல்லலாம். ஈரத் துணியோடு நின்று எப்படி. இரவு முழுக்க இதை வைத்துக்கொண்டு படுக்கவேணும். விடிய வாய் தன்பாட்டில், விட்டேன், மரம் நல்லாயிருக்கு என்றுவிடும், அந்த வாயை அவள் அறிவாள். கிறெஸ்டனின் கட்டிலடியில் பெரிய இலக்கங்கள் போட்ட போன் ஒன்று இருக்கிறது. அதை அவருக்குப் பழக்கினதே அவள்தான். அடித்தாள். ஏழு தரம் மணி போனது. "ஓம்?" என்றார், அந்த ஊர்க்காரர் எல்லோரையும்போல, ஒரு சொல்லைச் செலவழித்துவிட்டு. "மலா கதைக்கிறன். நான் உங்கட தோட்டத்தில நிக்கிறன்." டெனிஷில் நீங்கள் இல்லை, எல்லோரும் நீதான், அவள் மனதுக்குள் மட்டும் அவருக்கு எப்போதும் நீங்கள். "தண்ணி போகுதா?" "போகுது. கிறெஸ்டன், வீடு வித்தாச்சு. சனிக்கிழமை புது ஆக்களிட்டை வீட்டுத் திறப்புக் குடுக்கினம். மரத்தை வெட்டுவினம்." சொல்லிவிட்டாள். மூன்று சிறிய வசனம். காலடியில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. போனுக்குள் தூரத்தில் ஆரோ கோப்பை கழுவுகிற சத்தம் கேட்டது.

"தெரியும்," என்றார் கிறெஸ்டன்.

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. பங்குனி மாதத்தில இருந்து ஹென்றிக் ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறான். என்ர மகன் ஒவ்வொரு நாளும் எடுக்கிறானெண்டால் ஒண்டில் ஆரோ செத்திருக்கவேணும், இல்லாட்டி எதையோ வித்திருக்கவேணும்."

வாளியைத் தேடி இருந்தாள். "அப்ப ஏன் ஒவ்வொரு நாளும் மரத்தைக் கேட்டனீங்கள்? இண்டைக்குக் காலமையும் கேட்டனீங்களே."

மூச்சு சளியோடு இழுபட்டது. "நீ வாறாய், கை தூக்கு எண்டுறாய், கை இறக்கு எண்டுறாய். போறாய். கதைக்கிறதில்லை. மரத்தைக் கேட்டால்தான் கட்டில் விளிம்பில இருப்பாய். ரெண்டு நிமிசம், மூண்டு நிமிசம். துளிர் வந்த கதையைச் சொன்னனீ, பூனை மயிர் எண்டு. சரி, இந்த மனிசிக்கு அங்க ஏதோ ஒண்டு கிடக்குது, போய்வர ஒரு இடம், அதைக் கெடுக்கக்கூடாது எண்டு நினைச்சன். உனக்காகத்தான் கேட்டனான், மலா. உனக்கு அது விருப்பமெல்லோ?"

பதினொரு மாதம். ஐப்பசி மழையிலும் கம்பிவலை சுற்ற வந்தது, விரல் விறைக்க முடிச்சுப் போட்டது, சித்திரையிலிருந்து ஒரு வியாழன் தவறாமல் இந்த வாளி. "இல்லை," என்றாள். "எனக்கு விருப்பமில்லை. ஒருநாளும் விருப்பமில்லை. எனக்கு இடுப்பு நோகுது."

"துளிர்கூடவோ?"

"துளிர் ஒருநாள். மற்ற நாளெல்லாம் இடுப்பு."

போனுக்குள் சிரிப்பு வெடித்து இருமலாகி, இருமல் நெடுநேரம் போய், திரும்பவும் சிரிப்பாகி வந்தது. தண்ணி குடியுங்கோ, நிமிர்ந்து இருங்கோ என்று அவள் சொல்லவில்லை. காத்திருந்தாள். "எனக்கும் அவ்வளவு விருப்பமில்லை," என்றார் கடைசியில். "இங்கா அதில ஒரு பிளம்ஸ் மரம்தான் கேட்டவ. குசினி ஜன்னலுக்கு முன்னால பீச் வைச்சால் இருவது வருசத்தில பகலிலையும் லைற் போடவேணும் எண்டு ஏசியிருப்பா. என்ர தம்பி காட்டில இருந்து கிண்டிக்கொண்டு வந்தான், சும்மா வந்தது, வைச்சன். அம்மாவின்ர மரம் எண்டு சொல்லத் தொடங்கினது ஹென்றிக். பெடியன் சொல்லட்டும் எண்டு விட்டிட்டன்." அவள் காதைப் போனோடு அழுத்திக் கேட்டாள். நோவை மறைக்கிற கிழவர்களை அவளுக்குத் தெரியும். நோகுதில்லை என்று சொல்லும்போது கால் பெருவிரல் மடங்கும், போர்வையின் ஓரத்தை விரல் பிடிக்கும். பக்கத்தில் நின்றால் ஒரு கணத்தில் கண்டுபிடித்துவிடுவாள். போனில் கால் தெரியாது. மெய்தான் சொல்கிறாரோ, அவளை அவிழ்த்துவிடத்தான் சொல்கிறாரோ. அந்த எட்டு வடிவ முடிச்சை அவ்வளவு பக்குவமாகக் கட்டின மனிசன். கேட்கலாம். கேட்டால் பதில் ஒன்று வரும், அதையும் தூக்கிக்கொண்டு போகவேண்டும். அவள் கேட்கவில்லை. "பைப்பைப் பூட்டிப்போட்டு வீட்டை போ," என்றார் கிறெஸ்டன். "நாளைக்கு வந்து காலுறையைப் போட்டுவிடு. மரக் கதை வேண்டாம். வேற ஏதும் கதை, இல்லாட்டி ஒண்டும் கதையாதை. ஆனால் அந்த விளிம்பில கொஞ்சம் இரு."

பைப்பைப் பூட்டினாள். ஒரு மணித்தியாலத்துக்கு இன்னும் கால் மணி இருந்தது. குழாயைச் சுற்றி ஆணியில் மாட்டவேண்டும், அதையும் செய்யவில்லை. புல்லில் கிடந்தபடி கிடக்கட்டும் என்று படலையைச் சாத்தினாள். சைக்கிளில் ஏறி உழக்கினாள். காற்று முதுகுப் பக்கம் இருந்தது. சந்தோசமா என்று பார்த்தாள், அப்படி ஒன்றும் இல்லை. துக்கமா, அதுவும் பெரிதாக இல்லை. கோபம் ஒரு சின்னக் கல்லாக எங்கேயோ உருண்டுகொண்டிருந்தது, ஆரில் என்று தெரியாமல். மற்றதெல்லாம் களைப்பு. மூன்றாம் மாடிக்கு ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து ஏறினாள், முதல்தரமாக. ஆனந்தராசா ரிவியைக் குறைத்துவிட்டுத் திரும்பினார். "என்ன, பொய்யுக்குத் தண்ணி ஊத்தியாச்சோ?" "முடிஞ்சுது," என்றாள். "இனி இல்லை." "ஏன், செத்துப்போச்சோ?" அவள் சப்பாத்தைக் கழற்றினாள். "என்ன சமையல் இண்டைக்கு?" என்றார் அவர். "நீர் போகேக்க ஒண்டும் ஊறப்போடேல்லை." "நீங்கள் சமையுங்கோ," என்றாள். அவர் சிரித்தார், பகிடி என்று நினைத்து. பிறகு அவளின் முகத்தைப் பார்த்தார். ஆறு மணிகூட ஆகவில்லை. படுக்கையறை முழுக்க வெயில். இந்த மாதத்தில் அது பத்து மணிவரை இருக்கும். திரையை இழுக்கக் கை எழும்பவில்லை. வேலை உடுப்போடேயே கட்டிலில் சரிந்தாள். குசினியில் அவர் தடியை ஊன்றி நடப்பதும், ஒவ்வொரு அலுமாரிக் கதவாகத் திறந்து மூடுவதும் கேட்டது. ஒரு மூடி விழுந்து நெடுநேரம் சுழன்று அடங்கியது. "இஞ்ச, மலர், அரிசி எந்தப் பேணிக்குள்ள?" என்று கூப்பிட்டார். கொஞ்சம் பொறுத்து, "எத்தினை சுண்டு போடுறது?" என்றார். பிறகு கதவடிக்கு வந்து நின்று, மெதுவாக, "நித்திரையோ?" என்றார். மூன்றுமே அவளுக்குக் கேட்டன. ஒன்றுக்கும் அவள் பதில் சொல்லவில்லை.